மாப்பிள்ளை விருந்தில் வெள்ளை மீன்

முத்தியால்பேட்டை,
புரட்டாசி முதல் வாரம்.

மரியாதைக்குரிய சம்பந்தி திரு. சக்கரபாணி அவர்களுக்கு, தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் துணைவி அஞ்சலாட்சியும் நலம். ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனியாக நலம். முதலியார்பேட்டையில் தாங்களும், தங்கள் துணைவியார் பாக்கியலட்சுமி அம்மையாரும், மாப்பிள்ளை இளம்பரிதியும், எங்கள் மகள் செல்வியும் சுகமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். தாங்கள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். முடிவு நல்லபடியாகவே வரும், கவலை வேண்டாம். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் தங்கள் எண்ணுக்கு அடித்தாலும் அம்மையார்தான் எடுக்கிறார்கள், என் குரலைக் கேட்டதும் லைன் போய்விடுகிறது. ஆகவே கடிதம்.

அம்மையார் என்னிடம் கடைசியாகப் பேசியது நம் வீட்டு விருந்துக்கு மறுநாள். "விருந்துன்னு கூப்ட்டு, வயித்தால போறவனுக்குப் போடற மாதிரி எம்புள்ளைக்கு வெள்ள மீனப் போட்டு அனுப்பிட்டீங்களே, நல்லாவா இருக்கு? தலை தீபாவளிக்கு ஒண்ணும் நீங்க கூப்ட வேணாம். எங்க ஊட்லயே ஆக்கித் தின்னுக்கறோம்" என்றார்கள். மாப்பிள்ளை அன்று இரவு வீடு திரும்பியதும் நேரே அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சட்டியைக் காலி செய்தாராம். அது உண்மையாகத்தான் இருக்கும். மறுக்கவில்லை. எப்படி அந்த நிலைக்கு வந்தார் என்பதை மட்டும் விளக்க அனுமதிக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பதை மாப்பிள்ளையிடமே கேட்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை. எனவே அஞ்சலாட்சி செல்வியைக் கேட்டாள், செல்வி மாப்பிள்ளையைக் கேட்டாள், மாப்பிள்ளை "எதுக்கு அவங்களுக்கு செரமம், லைட்டா ஏதாச்சும் போதும்" என்றார். விருந்துக்குப் போகிற எல்லோரும் சொல்வதுதான். நானும் கல்யாணமான புதிதில் என் மாமனாரிடம் அப்படிச் சொல்லிவிட்டு மூன்று வகை மீன் சாப்பிட்டவன்தான். ஆனால் நம் மாப்பிள்ளை காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர், ஆபீசுக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டு போகிறவர் என்று தெரிந்திருந்ததால் நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். மிளகாய் அரைக்கப் போன அஞ்சலாட்சியைத் தடுத்து நிறுத்தி, இன்றைக்குச் சமையல் என்னுடையது என்று அறிவித்தேன். செல்போனில் ஒரு பெண்மணி இருபதே நிமிடத்தில் ஓவனில் மீன் சுட்டுக் காட்டியிருந்தார். எண்ணெய் ஒரு ஸ்பூன், உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சை, அவ்வளவுதான். ஓவன் எங்களிடம் இருந்தது. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுச் சொல்தா, செல்வி கல்யாணத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அந்த ஓவனுக்குள் அஞ்சலாட்சி வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். வெங்காயத்தைக் கொட்டித் துடைத்துத் தயார் செய்தேன்.

அந்தப் பெண்மணி முழு மீனில் இரண்டு கீறல் மட்டும் போடச் சொல்லியிருந்தார். மார்க்கெட்டில் வழக்கமாக நாங்கள் வாங்கும் மணியம்மாளிடம் நல்ல கொடுவாவாகப் பார்த்து எடுத்து, "துண்டு போட வேணாம்மா, முழுசா" என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் மூன்று துண்டு விழுந்துவிட்டது. "மாப்ள விருந்துன்னீங்களே, முழு மீன யாரு சட்டில போடுவா?" என்று கேட்டபடியே மிச்சத்தையும் போட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து தலை, நடு, வால் என்று வரிசையாகத் தட்டில் அடுக்கி, இடைவெளிகளை எலுமிச்சை வில்லைகளால் மறைத்து மறுபடி மீனாக்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் மீன் மாதிரியேதான் இருந்தது. ஓவனைப் போட்டேன். அதே சமயம் அஞ்சலாட்சி, சட்னியாவது இருக்கட்டும் என்று மிக்ஸியைப் போட்டாள். வீடு முழுக்க கரண்ட் போனது. நான் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதைத் தெருவே அறியும். ஏணி தேடி, ஃபியூஸ் கட்டி, மறுபடி போட, மறுபடி போக, மாப்பிள்ளையும் செல்வியும் வண்டியை நிறுத்தி உள்ளே வரும்போது நான் ஏணி மேல் இருந்தேன், மீன் பாதி வெந்திருந்தது. இருபது நிமிடம் என்பது ஓவனுக்குச் சொன்ன கணக்கு, எங்கள் தெரு வயரிங்குக்குச் சொன்னதல்ல.

கடைசியில் மீன் வெந்தது. இலை போட்டு, சோறு வைத்து, சோற்றின் பக்கத்தில் மீனை வைத்தேன். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழம்புக்காகக் காத்திருந்தார். குழம்பு இல்லை என்பது அவருக்குப் புரியச் சற்று நேரமானது. மீனைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். அஞ்சலாட்சி கதவோரம் நின்று, எங்கேயாவது போய் விழலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் "எப்பிடி இருக்குங்க மாப்ள?" என்றேன். "நல்லாருக்குங்க மாமா" என்றார். நல்லாயிருக்கிறது என்றால் ஒரு துண்டு வைப்பதுதானே முறை, வைத்தேன். "ரொம்ப நல்லாருக்குங்க" என்றார். இரண்டு வைத்தேன். மறுபடி கூட்டிச் சேர்த்த அந்த மீனை, தலையிலிருந்து வால் வரை, பெரியவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே அந்தப் பிள்ளை வெறும் சோற்றோடு தின்று தீர்த்தார். தங்கள் வளர்ப்பு அது. செல்வி குனிந்த தலை நிமிரவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். அவர்கள் கிளம்பிய பிறகுதான், சிரிப்பை அடக்க முடியாமல் அப்படி இருந்தாள் என்று அஞ்சலாட்சி சொன்னாள். இன்றுவரை அவள் என்னோடு கடைசியாகப் பேசியதும் அதுதான்.

மறுநாளே நல்ல குழம்பாக வைத்துக் கேரியரில் கொண்டுவந்து சமாதானம் பேசியிருப்போம். அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் கவிச்சி கிடையாது, கத்திரிக்காயை வைத்து இந்த விஷயத்தைச் சரிக்கட்ட முடியாது. சம்பந்தி, ஒளிக்காமல் சொல்கிறேன். அஞ்சலாட்சி மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்துவிட்டாள். தினமும் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். தலை தீபாவளிக்கு அவள் எங்கள் வாசலில் வந்து இறங்கவில்லை என்றால், என்னால் அதைத் தாங்க முடியாது. ஒரு மீனால் அது நின்றுபோகக் கூடாது.

ஆகவே இதன்மூலம் உறுதி கூறுகிறேன். ஓவனில் மறுபடி வெங்காயம் வைத்தாகிவிட்டது. தீபாவளி நோன்பு முடிந்த மறுநாள் விருந்தில் கொடுவாக் குழம்பு, வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு மூன்றும் அஞ்சலாட்சி கையால் நடக்கும். வறுவல் எண்ணெயில் மிதக்கும். நான் அடுப்படிப் பக்கம் வரமாட்டேன். தாங்களும் அம்மையாரும் கட்டாயம் கூட வர வேண்டும். அம்மையாரின் கோபம் தணிய, தாங்கள் தக்க நேரம் பார்த்து, அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசி. பெரியவர்கள் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
தெய்வசிகாமணி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. அம்மையார்தான். லைன் போகவில்லை. "அண்ணே, அவரு ரத்த டெஸ்ட்டு வந்துடுச்சு. சர்க்கரையும் ஏறிக் கெடக்கு, கொழுப்பும் ஏறிக் கெடக்கு. எண்ணெய கண்ணுலயே காட்டாதீங்கன்னுட்டாரு டாக்டரு. அன்னைக்கு நீங்க செஞ்சீங்களே அந்த வெள்ள மீனு, அத எப்பிடிண்ணே செய்யறது?" என்று கேட்டார்கள். அண்ணே என்றார்கள். தீபாவளிக்கு எல்லாரும் வாங்க, செய்தே காட்டுகிறேன் என்றேன், சரி என்றார்கள். அஞ்சலாட்சி பக்கத்தில் வந்து நின்று, "எல்லாரும் தீபாவளிக்கு வராங்களாமா?" என்று என்னிடமே கேட்டாள். எல்லாரும் வருகிறீர்கள். ஆகவே மேலே கண்ட உறுதிமொழியைத் தங்களைத் தவிர்த்து மற்றவர்களுக்கு மட்டும் பொருந்துவதாகக் கொள்ளவும். குழம்பும் வறுவலும் தொக்கும் அவர்களுக்கு. தங்கள் இலைக்கு மட்டும் நான் தனியாகச் செய்கிறேன். வெங்காயத்தை வெளியே எடுத்தாகிவிட்டது. சாப்பிடும்போது எப்படி இருக்கிறது என்று கேட்பேன். தயவுசெய்து நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.