முந்நூறு வெள்ளிக்கு மூன்று நகல்

ஏடிஎம் இயந்திரம் ரசீதைத் துப்பியது. முந்நூறு வெள்ளியைத் துப்பவில்லை.

பிரேமாவதி துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பணம் எடுத்தாகிவிட்டது என்றது ரசீது. நாளைக் காலை மகள் ஷீலாவுக்குப் பொலிடெக்னிக்கில் பதிவு. அதற்கு இருந்தது அந்தப் பணம்தான். சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள். கையுறைத் தொழிற்சாலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வங்கிக்குள் போனாள். புகார் மேசையில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் கோப்பு ஒன்றை விரித்து வைத்திருந்தார். அவரிடம் ரசீதை நீட்டினாள். அவர் அதை இரண்டு பக்கமும் படித்தார்.

"ஐசி காப்பி இருக்கா?"

"ஒன்னு இருக்கு சார்."

"மூணு வேணும்லா. ஒன்னு குடுத்தா தொலைஞ்சிரும்."

எதிர்க் கடையில் அடையாள அட்டையை நகல் எடுத்து வந்தாள். மலாயில் ஒரு கடிதம் கேட்டார். எழுதினாள். சிவப்புப் பேனாவால் நாலு இடத்தில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி எழுதினாள்.

"இப்ப போலீஸ் பாலாய்க்குப் போயி ஒரு ரிப்போர்ட் போட்டுட்டு வாங்க."

மெஷின் பணம் தராததற்கெல்லாம் ரிப்போர்ட் எதற்கு, வங்கியிலேயே கேளுங்கள் என்றார் போலீஸ்காரர். வங்கியில்தான் ரிப்போர்ட் கேட்டார்கள் என்றாள் அவள். ஒரு மணி நேரம் கெஞ்சி வாங்கி வந்தாள்.

ரிப்போர்ட்டில் உள்ள நேரத்துக்கும் கடிதத்தில் உள்ள நேரத்துக்கும் ஐந்து நிமிடம் இடிக்கிறது என்றார் பெரியவர். கடிதத்தை மூன்றாம் முறை எழுதச் சொன்னார்.

பிரேமாவதி அதுவரை யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"நாலரைக்குச் சாத்திருவாங்க சார். எம்மக நாளைக்குப் பணம் கட்டணும். பேப்பர் பேப்பர்னு இப்படி அலைய விடுறீங்களே."

"பேப்பர் சரியா இல்லன்னா இங்க ஒன்னும் நடக்காதும்மா," என்றார், கோபப்படாமல்.

எழுதினாள். எல்லாவற்றையும் அடுக்கி ஊசி குத்தி அவள் கையில் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவள் கவுண்டருக்கு ஓடினாள். காவலாளி தேவன் கதவை இறக்கிக்கொண்டிருந்தான்.

"மத்தியானத்திலேர்ந்து உங்க ஆபிசர் என்னைய நாயா அலைய விட்டுட்டாரு. இப்ப சாத்துறியே தம்பி?"

தேவன் புகார் மேசையைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆபிசர் இன்னிக்கி லீவு, அக்கா. அங்க உக்காந்திருக்கறவரு சுங்கை லாலாங் தோட்டத்து ஆபிஸ்ல கணக்கு எழுதுன பழைய கிராணி. மூணு மாசமா கம்ப்ளேன் பண்ண வந்துக்கிட்டு இருக்காரு. அவருகிட்ட இங்க என்னென்ன கேட்டாங்களோ, அதத்தான் உங்ககிட்டயும் கேட்டிருக்காரு."