மிளகுக்குப் பிடிக்காத லைட்டு

கொல்லிமலையில் சூரியனையே குறை சொன்ன ஒரே ஆள் லூமன்ஸ் அண்ணன்தான். காலை வெயில் மூஞ்சியில் குத்துகிறதாம். உச்சி வெயிலில் எல்லாம் சப்பையாகத் தெரிகிறதாம். சாயங்கால வெயிலில் மஞ்சள் ஜாஸ்தியாம். மூடுபனி இறங்கிய நாட்களில் மட்டும், வெளிச்சம் இன்றைக்கு ஏதோ பரவாயில்லை என்று சர்ட்டிபிகேட் கொடுப்பார். சூரியனுக்கே இந்தக் கதி என்றால் டியூப்லைட் செய்கிறவன் எந்த மூலைக்கு?

அவருக்கு ரேஷன் கார்டில் வேறொரு பேர் இருந்திருக்கும். எங்களில் யாருக்கும் தெரியாது. ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஊர் ஊராகப் போய் வயரிங் செய்து லைட் மாட்டிக் கொடுப்பது தொழில். எத்தனை வாட்ஸ் போடலாம் என்று யாராவது கேட்டுவிட்டால் ஏறிய ஏணியிலிருந்து இறங்கிவிடுவார்.

"வாட்ஸ்ங்கறது அது திங்கற சோறு. லூமன்ஸ்ங்கறது அது குடுக்கற வெளிச்சம், அது செய்யற வேல. நீ ஆள வேலைக்கு வெக்கறப்ப எவ்வளவு திம்பான்னா பாப்ப?"

எங்கள் ஊரில் அதையும் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். இப்படி வாய்க்கு வாய் லூமன்ஸ் லூமன்ஸ் என்று சொல்லி அதுவே பேராகிவிட்டது. மலைக்குப் புதிதாக வந்த ஒரு அதிகாரி, அதைக் கிறிஸ்தவப் பேர் என்று நினைத்து டிசம்பரில் கேக் கொடுத்தார். அண்ணன் கேக்கைத் தின்று முடித்துவிட்டு, உங்கள் வாசல் லைட் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அவரை மலை முழுக்கப் பிரபலமாக்கியது மிளகு சோதனை. ஒரு லைட்டை நிரந்தரமாக மாட்டும் முன் அதைச் சும்மா கட்டித் தொங்கவிட்டு எரியவிடுவார். கீழே ஒரு முறத்தில் அப்போதுதான் பறித்த மிளகுச் சரங்களைப் பரப்புவார். பச்சையில் கொஞ்சம், மஞ்சள் தட்டியதில் கொஞ்சம், பழுத்துச் சிவந்ததில் கொஞ்சம். பிறகு நாலடி பின்னால் போய் நின்று கண்ணைச் சுருக்குவார். சிவப்பு சிவப்பாகவே தெரிந்தால் லைட் பாஸ். பழுப்பாகத் தெரிந்தால் அந்த லைட் பொய் சொல்கிறது, திருப்பிக் கொடு.

இதில் நியாயமும் இருந்தது. மலிவு எல்.இ.டி. சிலவற்றில் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், ஆனால் சிவப்பு செத்துப் போயிருக்கும். வயர் வேலை பார்க்கிறவனுக்குச் சிவப்பு வயரும் பழுப்பு வயரும் அண்ணன் தம்பியாகத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே தொல்லை, மிளகு பொங்கலை ஒட்டித்தான் பழுக்கும். அதனால் ஆடி மாதம் லைட் கெட்டுப்போன வீடுகள் தைவரை காத்திருந்தன. லைட் வாங்குவதற்கு அறுவடைக் காலம் பார்த்த ஜனங்கள் உலகத்திலேயே நாங்கள்தான்.

நானும் காத்திருந்தவன்தான். வீட்டை ஒட்டித் தகரம் போட்ட பட்டறை எனக்கு. பைக், ஜீப், ஆட்டோ எது வந்தாலும் பார்ப்பேன். பெரும்பாலும் பிரேக் வேலை. கொண்டை ஊசி வளைவுகளில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குகிறவனுக்கு இஞ்சின் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், பிரேக் வேண்டும். அப்படிப்பட்ட வேலையை நான் தலைக்கு மேல் தொங்கிய ஒரே ஒரு குண்டு பல்பில் செய்துகொண்டிருந்தேன். குனிந்தால் என் தலை நிழல் சரியாக வேலை மேல் விழும். நாற்பதைத் தாண்டிய பிறகு நிழலும் பெருத்துவிட்டது.

ஒரு நாள் ஒரு பைக்கின் பிரேக்கைப் பிரித்து மாட்டி அனுப்பியபின் சட்டைப் பையில் கை விட்டால் ஒரு ஸ்பிரிங். செருப்புக்கூடப் போடாமல் ஸ்பானரோடு குறுக்கு வழியில் ஓடி, அந்த ஆளை ரோட்டில் மறித்து, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பிரித்தேன். உள்ளே எல்லா ஸ்பிரிங்கும் இருந்தன. என் பையில் இருந்தது பேனாவின் ஸ்பிரிங். அன்றைக்கே அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன்.

தை பிறந்த பிறகு வந்தவர் லைட்டைப் பற்றிப் பேசவில்லை. சுவரைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. புகையும் எண்ணெயும் ஏறிய சுவர் போடுகிற வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிடும், முதலில் சுவருக்கும் தகரத்துக்கும் வெள்ளை அடி என்றார். அடித்தேன். பெரிதாக ஒன்று வேண்டாம், நாலடி எல்.இ.டி. டியூப்பாக வண்டிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டால் ஒன்று போடும் நிழலை இன்னொன்று அழித்துவிடும் என்றார். கண் கூசாமல் இருக்கப் பால் வெள்ளை மூடி. வண்டிக்கு அடியில் பார்க்க, கொக்கியில் மாட்டுகிற மாதிரி சின்ன லைட். எல்லாம் சேர்ந்தும் பழைய குண்டு பல்பு தின்ற கரண்டைத் தின்னாது என்றார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு முறத்தை எடுத்தார்.

முதல் டியூப்பில் மிளகு பழுப்பு. காரவள்ளியில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பாயிடம் திருப்பி அனுப்பினார். இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவதும் பழுப்பு. தை போய் மாசி நடந்துகொண்டிருந்தது. பட்டறையில் வெள்ளைச் சுவரும் அதே குண்டு பல்பும். இருட்டு மட்டும் முன்பைவிடச் சுத்தமாக இருந்தது.

எனக்கென்னவோ முதல் டியூப்பிலேயே மிளகு சிவப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் அண்ணனை மறுத்துப் பேசினால் வயரைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார். எனவே, ஆமாங்ணா, பழுப்பாத்தான் இருக்குது என்று தலையாட்டினேன். மூன்றாவது டியூப்புக்குத் தலையாட்டியபோது எனக்கே நிஜமாகப் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காரவள்ளி பாய் போன் செய்தார். மெதுவாகப் பேசுகிற மனுஷர், அன்றைக்கு இன்னும் மெதுவாகப் பேசினார்.

"தம்பி, அண்ணங்கிட்ட சொல்லிராதீங்க. கடைசியாக் குடுத்து விட்டது அவரு மொதல்ல திருப்பி அனுப்புன அதே டியூப்புதான். போன வருசம் இதே சரக்க நல்லாருக்குன்னு அவரே பத்து ஊட்டுக்கு வாங்கிட்டுப் போனாரு. கோளாறு லைட்டுல இல்ல தம்பி, கண்ணுல."

புத்தியுள்ள எவனுக்கும் அவர் யார் கண்ணைச் சொல்கிறார் என்று புரிந்திருக்கும். எனக்கு என் கண்ணைச் சொல்கிறார் என்றுதான் பட்டது. பழுப்பாகத் தெரிந்தது எனக்கும்தானே. குருட்டு மெக்கானிக்கிடம் எவன் பிரேக் பார்ப்பான் என்று நினைத்து வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தடவித் தடவி நடந்து பழகினேன். என் சம்சாரம் அரிசி களைந்துகொண்டே அதைப் பார்த்தாள். கண் போனாலும் உங்களுக்கு வாய் இருக்கிறது, அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் சொன்னாள்.

மறுநாளே நாமக்கல்லில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தனியாகப் போகப் பயம். அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் வந்தது துணைக்கு அல்ல, கேலி செய்ய. டெஸ்ட்டுக்கு நடுங்குகிற மெக்கானிக்கை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை சொன்னார். பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்கும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நான் கடைசி வரிப் பொடி எழுத்துவரை வாசித்துவிட்டேன். பயத்தில் அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பேரையும் வாசித்தேன். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, சிரித்துவிட்டார். வயசுக்கு வருவதுதான், கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி போதும் என்றார். நான் செத்துப் பிழைத்தவன் மாதிரி நாற்காலியை விட்டு எழுந்தேன். அதற்குள் அண்ணன், எழுத்துப் பலகைக்கு அடிக்கிற லைட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று நர்ஸுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நீங்களும் ஒரு தடவை உட்காருங்களேன் என்றார் டாக்டரம்மா. மிஷினுக்குள் என்ன லைட் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசையில் அண்ணன் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வேறொரு அறைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. திரும்பி வந்தபோது அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உள்ள நரம்பு காஞ்சுட்டு வருதுங்க ஐயா. ரொம்ப நாளாவே நடந்திருக்குது. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். ஆனா ஒரு நாள் விடாம சொட்டு மருந்து விடோணும்."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். கடைசி வளைவுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா ரூமுல லைட்டு சரியில்ல கண்ணு. அதுல யாரப் பாத்தாலும் நரம்பு காஞ்ச மாதிரித்தான் தெரியும்."

நான் புதுக் கண்ணாடி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

யார் சொன்னார்களோ, ஒரே வாரத்தில் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. மிளகு பழுக்க மாசக்கணக்கில் காத்திருந்த அதே ஜனங்கள், குருடன் பார்த்துக் கொடுத்த லைட் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தார்கள். நன்றாக எரிந்துகொண்டிருந்த லைட்டுகளைக் கழற்றிவிட்டுப் போனில் அமுக்கி வேறு வரவழைத்தார்கள். அந்த லைட்டுகளில் ஒரு குறையும் கிடையாது. கண் கெடுவதற்கு முன் அவர் பாஸ் செய்தவை நல்லவை என்பதால்தான் பாஸ். கெட்ட பிறகு அவர் எதையுமே பாஸ் செய்யவில்லையே. இந்தக் கணக்குக்கூடப் போடத் தெரியாதவர்கள் நாங்கள். ஏமாந்துபோனோம் என்று சொல்லிக்கொள்வதில் மனுஷனுக்கு இருக்கிற சுகம் தனி. நான் டீயைப் பாதியில் கீழே ஊற்றிவிட்டு எழுந்து வந்தேன். வீரம் எல்லாம் இல்லை, திருப்பிப் பேசப் பயம்.

அண்ணன் மருந்து விடவில்லை. பாட்டிலைத் தொடவே இல்லை. நான் வாங்கி வந்தது எங்கள் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வாரா வாரம் போய்க் கெஞ்சினேன். தனிக்கட்டை, அதட்டிச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. ஒரு நாள்தான் காரணம் சொன்னார்.

"மருந்து உட்டன்னா, நான் திருப்பி அனுப்புனதெல்லாம் நல்ல லைட்டுன்னு ஆயிருது சாமி. அப்பறம் நான் யாரு?"

பங்குனியில் பாய், அண்ணன் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு டியூப்பையும் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். நானே மாட்டினேன். அண்ணன் சொன்ன இடத்தில், சொன்ன உயரத்தில், முறமும் மிளகும் இல்லாமல். பட்டறை பகல் மாதிரி ஆனது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

சேதி கேட்டு அண்ணன் மத்தியானமே வந்து நின்றார். யார் மாட்டியது, கோணலாக இருக்கிறது என்றார். தடுப்பதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். மேலே போனதும்தான் பார்த்தேன். அவர் கை டியூப்பைத் தேடுகிறது, ஒரு சாண் தள்ளிக் காற்றைத் துழாவுகிறது. துழாவிக்கொண்டே, நான் டேப் சுற்றாமல் விட்டிருந்த வயர் முனையை நோக்கிப் போகிறது. நான் ஓடிப்போய் மெயினையே இறக்கிவிட்டேன். வீட்டுக்குள் மிக்ஸி நின்றுபோய்ச் சம்சாரம் சத்தம் போட்டாள். திரும்ப ஓடிவந்து ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, வயசு வித்தியாசம் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். ஏணியும் என்னோடு சேர்ந்து ஆடியது.

மேலே இருந்து குரல் வந்தது.

"ஏஞ்சாமி அழுவற? கண்ணு போனது உனக்கா எனக்கா?"

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது போலிருந்தது. பிறகு ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கினார். கழற்றி வைத்திருந்த ஜீப் சீட்டில் உட்கார்ந்தார். உன் ஊட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிற அந்தச் சொட்டுத் தண்ணியை எடுத்துக்கொண்டு வா என்றார்.

இப்போது தினமும் பொழுது சாய்கிற நேரம் பட்டறைக்கு வருகிறார். அவரே விட்டால் மருந்து கன்னத்தில் விழுகிறது. நான் விட்டால் முதல் சொட்டு மூக்கில். பிரேக் ஆயில் ஊற்றுகிற கைக்கு ஒரு சொட்டு விடத் தெரியவில்லையே என்று அண்ணாந்தபடியே திட்டுகிறார். போன பார்வை வரவில்லை, வராது. மிச்சம் அப்படியே நிற்கிறது என்று டாக்டரம்மா சொல்கிறார். மலையில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

மருந்து விட்டதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கும் வேலை ஓடுவதில்லை. இரண்டு லைட்டையும் அணைத்துவிட்டு, அவர் கண்ணைத் திறக்கும்வரை பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.