மிளகாய் மில்லில் ஓர் ஆயுத பூஜை

அழகுணர்ச்சி உள்ளவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. பட்டுச் சொல்கிறேன், என் மாமனார் வீட்டில் இன்றுவரை யாரும் எனக்கு அதைத் தருவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூர் தேக்காவில் மிளகாய் மில் வைத்திருந்த அவர் அப்போது எனக்கு மாமனார் ஆகியிருக்கவில்லை. அவருடைய மகள் கமலாவைப் பெண் கேட்டிருந்தோம். "பூஜைக்கு வரட்டும், ஆளைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். நான் முதல் நாளே போய், மெஷினைத் துடைத்துத் தருகிறேன் என்று நின்றேன். (தொழிற்பள்ளியில் படித்த திமிர், வேறென்ன.)

சல்லடையை ஆட்டும் சக்கரத்தில் ஒரு பக்கம் தண்டு மாட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் ஓர் இரும்புக் கட்டி, கொழுக்கட்டை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதில் சந்தனப் பொட்டு நிற்கவே இல்லை. எனக்கு வந்ததே கோபம், கழற்றிவிட்டேன். சக்கரம் லட்சணமாகிவிட்டது. பெரிய பொட்டாக வைத்து, மாலையும் சுற்றினேன்.

மறுநாள் பூஜை முடிந்து மாமா சுவிட்சைப் போட்டார். மெதுவாகச் சுற்றியவரை மெஷின் மரியாதையாகத்தான் இருந்தது. வேகம் பிடித்ததும் கிடுகிடுவென்று ஆடியது. சுற்றும்போது தண்டின் கனம் சக்கரத்தை ஒரு பக்கம் இழுக்கிறது. அந்தக் கட்டிதான் எதிர்ப்பக்கம் அதே பலத்தோடு இழுத்து அச்சை ஆடாமல் வைத்திருந்தது. இது எனக்கு உறைத்தபோது மெஷின் சுண்டல் தட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தது. அலமாரியிலிருந்த மிளகாய்த்தூள் தகரம் கவிழ்ந்தது. பட்டுச் சேலையும் ஜிப்பாவுமாக வந்திருந்த சனம் முழுவதும் தும்மிக்கொண்டே ரோட்டுக்கு ஓடியது. நான் மட்டும் மரம் மாதிரி நின்றேன். கமலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் சுவிட்சை அணைத்தாள்.

"அந்தக் கட்டி எங்க தம்பி?" என்றார் மாமா. கண்ணில் தாரை தாரையாக நீர்.

"சாமி படம் சாஞ்சுது. முட்டுக் குடுத்திருக்கேன் மாமா."

"எதுக்குக் கழட்டுனீங்க?"

"பாக்க நல்லா இல்ல, மாமா."

அவர் மகளிடம் திரும்பினார். "இந்தப் பையன் வேணாம்மா."

எனக்கு உயிரே போய்விட்டது. கமலா ஒரு தும்மல் போட்டு முடித்தாள்.

"ஒத்தையா விட்டா இப்படித்தான் ஆடுவாருப்பா. எதிர்ப்பக்கம் ஒரு கனம் வேணும் லா. நான் இருந்துக்கிறேன்."

இப்போதும் ஆயுத பூஜையன்று என் மகன் அந்த இரும்புக் கட்டிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, அடுத்த பொட்டை அவன் அம்மாவின் நெற்றியில் வைக்கிறான். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க லா" என்கிறான்.

நிற்கிறேன்.