பொட்டு நிற்காத பானெட்

தர்மபுரி மாவட்டத்திலேயே வண்டிக்காரனைவிட வண்டிக்கு அதிக மரியாதை கொடுத்த மனிதர் என்றால் அது மூணு கோட்டுதான். நிஜப்பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். பாப்பாரப்பட்டி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுக் காருக்கு வேக்ஸ் பூசுகிறவர். ஒரு கோட்டு, அதாவது ஒரு பூச்சு, போதும் என்றால் போடமாட்டார். இரண்டு என்றால் யோசிப்பார், யோசித்துவிட்டுப் போடமாட்டார். மூன்றுதான்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். பழைய நீல நிறக் கார் ஒன்றை வாங்கிய ஜோரில் அவரிடம் போனேன். காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நம்பிய மடையன் நான். வெயிலில் வந்த வண்டி என்று நிழலில் நிறுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து, காய்ச்சல் பிள்ளைக்குப் பார்ப்பதுபோல பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு இறங்கவில்லையாம். சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

சாயங்காலம் முதல் கோட்டு. பூசினாரா, சும்மா தடவிக் கொடுத்தாரா என்றே தெரியாத மெல்லிசு. அது காய்ந்து வெளுத்து வந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார், மெத்தென்ற துணியால் துடைத்தார். அடுத்த கோட்டு நாளைக்கு, அதற்கடுத்தது நாளை மறுநாள் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றையும் இப்போதே பூசித் தொலைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஏன் சார், ஒரே பந்தியில மூணு தரம் சாப்பாடு போட்டா உங்களுக்குச் செரிக்குமாங்க?" என்றார்.

மூன்று நாள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன்.

வண்டியைக் கொடுத்த பிறகாவது விட்டாரா? ஒருநாள் நான் ஏரியூர் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு மொபெட் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. யாரையோ இடித்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஓரங்கட்டினேன். இறங்கி வந்தார் மூணு கோட்டு. டிக்கி மேலிருந்த காக்கா எச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். அது வேக்ஸைத் தின்றுவிடும் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார். எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அம்மா வேறு மாதிரி. பளபளவென்று இவ்வளவு பெரிய தாம்பாளம் வாசலில் சும்மா நிற்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டில் வடகம் பிழிந்துவிட்டார். மறுவாரம் சந்தையில் மூணு கோட்டு எதிரில் வந்தபோது, உங்கள் மருந்து ரொம்ப நன்றாக இருக்கிறது, ஒரு வடகம்கூட ஒட்டவில்லை என்று மனதாரப் பாராட்டினார். அன்று முழுக்க மூணு கோட்டு சாப்பிடவில்லை என்று கேள்வி.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் தங்கை கல்யாணம் வரும் வரை.

அவளுக்கு அதற்கு முன் இரண்டு சம்பந்தம் கூடிவந்து கலைந்தன. ஒன்றில் பல்லி கத்திவிட்டதாம். இன்னொன்றில் கோவிலில் பூ உத்தரவு கிடைக்கவில்லையாம். மூன்றாவது இது. மாப்பிள்ளையின் பெரியத்தை சகுனம் பார்ப்பதில் கெட்டி என்று கேள்விப்பட்டதிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் பலமாகத் தும்மக்கூட இல்லை.

பெண் அழைப்பு என் காரில். அதற்காகவே புதிதாக மூன்று கோட்டு. மூணு கோட்டும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, பெண்வீட்டாரில் ஒருவர்போல, பாப்பா, பாப்பா என்று என் தங்கையை விசாரித்துக்கொண்டு வண்டியோடு ஒட்டி நின்றார். பெயிண்டில் டேப் ஒட்டக் கூடாது என்று பூ அலங்காரக்காரரோடு சண்டை போட்டு, மாலையை நூலில் கட்ட வைத்தார்.

பெண்ணை ஏற்றுவதற்கு முன் பெரியத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்து பானெட்டில் ஒரு பொட்டு வைத்தார். அது வழுக்கிக்கொண்டு கீழே போனது. இன்னொன்று வைத்தார். அதுவும் போனது. மூன்றாவது, குங்குமத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நம்பர் பிளேட்டில் போய் உட்கார்ந்தது.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

"சாமிப் பொட்டே நிக்கலீங்க. எனக்கு என்னமோ மனசு ஒப்பல," என்றார் பெரியத்தை.

மாப்பிள்ளை வீட்டார் தனியாகக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். வேறு நாள் பார்க்கலாமா என்று ஒரு குரல் காதில் விழுந்தது. என் தங்கை வாசற்படியில் மாலையோடு நின்றிருந்தாள். அழவில்லை. கை மருதாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மூணு கோட்டு களத்தில் இறங்கினார். இது சகுனம் இல்லை, வேக்ஸ் வழுக்குகிறது, சரக்கு சுத்தம் என்று நிரூபிக்கக் கிளம்பிவிட்டார். ஒரு சொம்பு தண்ணீரை வாங்கி பானெட்டில் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடி மறைந்தது. பெருமையோடு கூட்டத்தைப் பார்த்தார். பெரியத்தை நெஞ்சில் கை வைத்து, தண்ணீரும் நிற்கவில்லையே என்றார். மூணு கோட்டு கையில் கிடைத்திருந்தால் கழுத்தை நெரித்திருப்பேன். எட்டாத தூரத்தில் நின்றார்.

சிரித்த முகத்தோடு திரும்பியவர் என் தங்கையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் எடுத்தார். பானெட்டின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்கு, மூன்று இடங்களில் அழுத்தித் தேய்த்தார். மூன்று நாள் வேலை பஞ்சோடு வந்தது. எச்சம் விழுந்தாலே துடித்துப்போகிற மனிதர். பிறகு பெரியத்தை முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"எம்மேலதாங்கம்மா தப்பு. சாமிக்கு எடம் விடாமப் பூசிட்டேன். இப்ப வெச்சுப் பாருங்க."

பெரியத்தை வைத்தார். நின்றது. குங்குமம் வைத்தார். அதுவும் நின்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பெண்ணை ஏற்றச் சொன்னார்.

தங்கை இப்போது தர்மபுரியில் நன்றாக இருக்கிறாள். போன மாதம் மறுபடி வேக்ஸுக்கு விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது பானெட் முழுக்க ஜொலிக்க, நடுவில் மட்டும் மூன்று இடம் மங்கலாக இருந்தது. சுற்றிப் பூசி அதை மட்டும் விட்டிருக்கிறார். கல்யாணம்தான் முடிந்து இரண்டு வருஷமாகிறதே, அதையும் பூசிவிட வேண்டியதுதானே என்றேன்.

"அது பாப்பாவோட எடமுங்க சார். இருக்கட்டும்," என்றார், துணியை உதறிக்கொண்டே.

கட்டிப்பிடிக்க நெருங்கினேன். பெல்ட் கொக்கி பெயிண்டில் உரசும், தள்ளி நில்லுங்கள் என்று அதட்டினார். பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கட்டிப்பிடித்தேன்.