நடுப்பேட்டையின் ஒரே குரல்

மஞ்சுக்கோட்டை என்றொரு நகரம். அதைத் தேசப்படத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. வருஷத்தில் பாதி நாள் அந்த ஊரைப் பனி மூடிக் கிடக்கும். ஐப்பசியில் இறங்குகிற பனி பங்குனியில்தான் எழுந்திருக்கும். இடைப்பட்ட காலத்தில் பகல் என்பது பால் போல ஒரு வெளிச்சம்; இரவு என்பது அதே பால், கொஞ்சம் கெட்டியாக. நீட்டிய கை முழங்கையோடு மறைந்துபோகும். அப்படியும் அங்கே மனிதர்கள் கடைகண்ணிக்குப் போய்வந்து, சண்டை போட்டு, சமாதானமாகி, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து நன்றாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நகரத்தின் மையத்தில் இருந்த கடைத்தெருக்களுக்கு நடுப்பேட்டை என்று பெயர். பனிக்காலத்தில் அங்கே நடக்க ஒரு வழக்கம் இருந்தது. தெருவுக்குள் நுழைகிறவர் "ஆருங்க?" என்று ஒரு குரல் கொடுப்பார். வலப்பக்கத்திலிருந்து தையற்கடை இபுராகிம் பாய், "நேரா போங்க, வழி சுத்தமா இருக்கு" என்பார். இடப்பக்கத்திலிருந்து பூட்டுக்கடைச் சிங்காரம் முதலில் இருமுவார், பிறகு, "இங்க சாக்கடை தொறந்து கிடக்கு, ஒதுங்கிப் போங்க" என்பார். முக்கில் சுக்குக் காப்பிக் கடை வைத்திருந்த வடிவு, "வாங்க வாங்க, இங்கதான் இருக்கேன், பயப்படாம வாங்க" என்பாள். இப்படிக் குரலைப் பிடித்துக்கொண்டே பேட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். குரல் கொடுக்காமல் ஒருவன் நடந்தால் தெருவின் இரு பக்கமும் உள்ள கடைகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொள்ளும். அதனால் திருட்டுக்கூட அங்கே அவ்வளவாக எடுபடவில்லை. இந்த வழக்கத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் அப்படி ஒன்று இருப்பது அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருந்தது.

வடிவின் கணவன் ஏகாம்பரம் ஆற்றங்கரைக் கிடங்கிலிருந்து மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து கடைகளுக்குப் போடுகிறவன். பொழுது சாய்ந்ததும் கடைசி நடை முடித்து, தெரு முனையில் நின்று "வடிவு" என்பான். அவள் பதில் சொல்வாள். அந்தப் பதிலைப் பார்த்து வண்டியைத் திருப்புவான். சக்கரச் சத்தம் நெருங்க நெருங்க அவளுக்கு அன்றைய களைப்பெல்லாம் இறங்கும். அவளிடம் சொத்து என்று சொல்லிக்கொள்ள அந்தச் சத்தம் ஒன்றுதான் இருந்தது, அது போதும் என்றும் இருந்தாள்.

ஒரு பனிக்காலத் தொடக்கத்தில் அமைச்சர் நீதிவளவர் நடுப்பேட்டை வழியாக நடந்து போனார். அமைச்சர்கள் குரல் கொடுத்து வழி கேட்பதில்லை. அது பதவிக்கு அழகில்லை. ஆகவே அவர் ஓசைப்படாமல் போனார், போகிற வழியில் அவர் தோளிலிருந்த பொன்னாடையை ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் அது பூட்டுக்கடைப் பலகையின் ஆணியில் தொங்குவதைச் சிங்காரம் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் அதற்குள் பொதுப் பாதுகாப்பு மற்றும் மக்கள் பங்கேற்புத் துறை தொடங்கப்பட்டு, நாற்காலிகளும் வாங்கியாகிவிட்டது. வாங்கிய நாற்காலிகளை என்ன செய்வது? துறை நிலைத்தது.

மக்கள் பங்கேற்பு என்றிருந்ததால் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். மண்டபத்தில் நீதிவளவர் எழுந்து, "இந்நகரின் மையப்பகுதி அச்சத்தில் உறைந்து கிடப்பதை யாம் அறிவோம்" என்றார். நடுப்பேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் உறைந்து கிடப்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. "துறையின் திட்டங்களை ஏற்போர் நிற்கலாம். மறுப்போர் தத்தம் இருக்கையில் அமரலாம்" என்றார் அமைச்சர். நாற்காலிகள் எல்லாம் துறை அலுவலகத்தில் இருந்தன. ஒருவர்கூட மறுக்கவில்லை என்று பதிவாயிற்று.

முதல் ஆணைப்படி, வழிப்போக்கருக்குப் பதில் சொல்ல விரும்புவோர் பித்தளை அடையாள வில்லை அணிய வேண்டும். வில்லை இல்லாதவர் வாயை மூடிக்கொண்டிருப்பதே பங்கேற்பு. வில்லை வாங்க இபுராகிம் பாய் அலைந்து திரிந்து, கடைசியில் கோட்டில் குத்திக்கொண்டு வந்தார். சிங்காரத்துக்குக் கிடைக்கவில்லை, இருமல் அரசுப் பணிக்கு ஒத்துவராது என்றார்கள். அவர் கடை முன்னால் இருந்த சாக்கடை மட்டும் வில்லை கேட்காமல் திறந்தே கிடந்தது.

அடுத்தது, என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது. ஆளுக்கொரு விதமாகப் பேசுவது ஒழுங்கில்லை என்று, "வணக்கம். தங்கள் பாதுகாப்பே எமது தலையாய கடமை. அச்சம் தவிர்த்து, அரசின் மீது நம்பிக்கை கொண்டு, முன்னேறி வரவும்" என்று ஒரு வாசகம் தந்தார்கள். இபுராகிம் பாய் மனப்பாடம் செய்து ஒரு நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் 'தலையாய'ன்னு சொல்லும்போதே ஆளு சாக்கடைக்குள்ள போயிடுறான்" என்றார் வடிவிடம். "அப்புறம் மீதியை அங்க பாத்துச் சொல்ல வேண்டியிருக்கு."

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பனிக்காலத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுவே கடைசி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆட்கள் சாக்கடையில் விழுவது அதிகமானதும் துறை கூடி ஆராய்ந்தது. பல குரல்கள் இருப்பதே கோளாறு என்று கண்டுபிடித்தது. நகரத்துக்கு ஒரே குரல் போதும். அது மக்களின் குரலாகவும் இருக்க வேண்டும். குரல் தேர்வு நடந்தது. கச்சேரி பாடுகிறவர்கள், முழக்கம் போடுகிறவர்கள், பட்டிமன்றக்காரர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். வடிவு காப்பி கொடுக்கத்தான் போயிருந்தாள். வாசலில் யாரோ தடுமாறுவது கேட்டு, பழக்கதோஷத்தில், "வாங்க வாங்க, இங்கதான் இருக்கேன், பயப்படாம வாங்க" என்றாள். உள்ளே வந்தவர் நீதிவளவர்.

"இதுவே எமது குரல்" என்றார் அமைச்சர்.

வாயில் ஈரத்துணி கட்டிய ஒரு செப்புக் குடத்தின் முன்னால் அவளை உட்காரவைத்து, அதே வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். துணியை இறுக்கிக் கட்டி, குடத்தைப் பல்லக்கில் வைத்துக் கொண்டுபோனார்கள். அதே வாரம் நடுப்பேட்டையின் ஒவ்வொரு முக்கிலும் ஒரு தூண் முளைத்தது. தூணின் உச்சியில் பூசணிப்பூ மாதிரி ஒரு செப்புக் குழல். எல்லாக் குழல்களிலிருந்தும் வடிவின் குரல் இரவு பகலாக வந்துகொண்டே இருந்தது. வேறு யாரும் பதில் சொல்லக் கூடாது என்று ஆணை. இபுராகிம் பாய் வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊசியும் நூலுமாக வாய்மூடி உட்கார்ந்தார்.

உண்மையைச் சொன்னால், வடிவுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பனிக்குள் உட்கார்ந்து காப்பி ஆற்றுகிறவளை யார் சீந்துவார்கள்? இப்போது ஊரெல்லாம் அவள். அன்றைக்கு ஏகாம்பரம் வந்து சேர வழக்கத்தைவிட நேரமாயிற்று. வந்தவன் வண்டியைச் சாய்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் நீதான் கூப்பிடுற. அரிசிமண்டி முக்குல கூப்பிட்ட, போனேன். அங்க நீ இல்ல. கோயில் முக்குல கூப்பிட்ட, போனேன். அங்கயும் இல்ல. நல்லவேளை, சுக்கு வாசனை வந்துச்சு."

"அவ்வளவு ஆசையா கூப்பிட்டேனா?" என்றாள் அவள்.

"வீட்டுல கூப்பிடுறதைவிட ஆசையா இருக்கு" என்றான்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் சக்கரச் சத்தம் கேட்கவில்லை. சுக்கு கொதித்து வற்றியது, தண்ணீர் ஊற்றினாள், மறுபடி வற்றியது. மூன்று தெருவுக்கு அப்பால் எங்கோ, "வடிவு" என்று அவன் கூப்பிடுவது கேட்டது. அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுற்றியிருந்த தூண்கள் எல்லாம் ஒன்றாகச் சொல்லின: வாங்க வாங்க, இங்கதான் இருக்கேன், பயப்படாம வாங்க. சக்கரம் உருளும் சத்தம் ஒரு பக்கம் போனது, நின்றது, வேறு பக்கம் திரும்பியது, பிறகு பனிக்குள் கரைந்து போயிற்று.

மறுநாள் அவள் தெருவில் இறங்கி, "என்னங்க, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே நடந்தாள். குரல் ஆய்வாளர் ஒருவர் வந்து அவள் கையைப் பிடித்தார்.

"அரசுக் குரலைப் போல நடித்த குற்றத்துக்காக உங்களைத் தடுத்து நிறுத்துகிறேன்."

"இது என் குரலுங்க."

"இருந்தது" என்றார் ஆய்வாளர். கெட்ட மனிதர் இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். "இப்போது அது பொதுச்சொத்து. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் பயன்படுத்தலாம். தெருவில் கூடாது."

அவள் நேரே நீதிவளவரிடம் போய் நின்றாள். அவர் எழுந்து வணங்கி, நகரத்தின் குரல் வந்திருக்கிறது என்று எல்லாருக்கும் அறிமுகம் செய்து, ஒரு நாற்காலியும் கொடுத்தார்.

"ஐயா, என் வீட்டுக்காரரைக் காணோம். எங்க பேட்டையில இன்னும் எத்தனையோ பேரைக் காணோம்."

"காணோம் என்று எமக்கு ஒரு புகாரும் வரவில்லையே அம்மா. காணாமல் போனவர் நேரில் வந்து தெரிவித்தால் உடனே நடவடிக்கை எடுப்போம்."

"அவரு எப்படிங்க வருவாரு?"

"வராதவரை அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்றே துறை கொள்ளும். எங்கே இருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியாது." அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "சென்ற ஆண்டு நடுப்பேட்டையில் நாள்தோறும் சச்சரவு. இவ்வாண்டு ஒரு வாக்குவாதம் உண்டா? அமைதி அம்மா, அமைதி. எல்லாம் தங்கள் குரலால் விளைந்தது."

"ஒரே ஒரு சாயங்காலம் அந்தத் தூணுங்களை நிறுத்துங்க ஐயா. நான் ஒரு தடவை கூப்பிட்டா போதும், வந்துடுவாரு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

நீதிவளவர் மனம் உருகி ஒரு மக்கள் குழு அமைத்தார். அதற்கு வடிவையே தலைவராக்கினார். தூண்களை ஒரு சாயங்காலம் நிறுத்தலாமா என்று குழு கூடி முடிவெடுக்கும். எல்லா உறுப்பினர்களும் வந்தால்தான் கூட்டம் செல்லும். உறுப்பினர்கள் எல்லாம் நடுப்பேட்டைக்காரர்கள். வடிவு பனிக்காலம் முழுக்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இபுராகிம் பாய் ஒருவர் மட்டும் கூட்டத்துக்கு வருகிறேன் என்று கிளம்பினார். வழியில் தூண்கள் இருந்தன.

பனிக்குள் தொலைந்தவர்கள் எதைத் தின்று உயிர் பிழைத்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றும். ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே ஜனங்கள் எதைத் தின்று பிழைக்கிறார்கள் என்பது தெரிந்தவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள்.

பங்குனி பிறந்தது. உலகிலேயே பாதுகாப்பான நகர மையம் என்று மஞ்சுக்கோட்டைக்கு விருது கொடுக்கப் பக்கத்து நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். கோட்டை மாடத்தில் விழா; நகரத்தின் குரல் என்று வடிவையும் அங்கே உட்காரவைத்திருந்தார்கள். மேளம் முழங்கும்போது தெற்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்று அடித்தது. பனி, மெல்ல உருவுகிற வேட்டி போல, கூரைகளைவிட்டு நழுவி, சுவர்களைவிட்டு நழுவி, தெருவில் கொஞ்ச நேரம் முழங்காலளவு நின்று, வடிந்து போயிற்று.

நடுப்பேட்டை முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு தூணைச் சுற்றியும் ஜனங்கள். நூல் நூலாகக் கிழிந்த துணியோடு, தாடி வளர்ந்து, தலைமயிரில் பனி சொட்ட, தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லா முகங்களும் செப்புக் குழலைப் பார்த்து நிமிர்ந்திருந்தன. ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. பிரதிநிதிகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

நீதிவளவரின் கண்கள் கலங்கின. "காண்பீராக" என்றார். "இதுவே மக்கள் பங்கேற்பு."

மாடத்தில் கைதட்டல் எழுந்தபோது வடிவு படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். அரிசிமண்டித் தூணடியில் இல்லை. கோயில் முக்கில் இபுராகிம் பாய் நின்றார். அவள் தோளைத் தொட்டும் அவர் திரும்பவில்லை. துணிச்சந்தைத் தூணடியில், கவிழ்ந்து கிடந்த வண்டிக்குப் பக்கத்தில், ஏகாம்பரம் இருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"என்னங்க" என்றாள். அழுகை முட்டியது. "நான்தாங்க, வடிவு. பனி போயிடுச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அவன் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டில் விரல் வைத்து, முன்பின் தெரியாத பெண்பிள்ளையிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னான்.

"கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்கம்மா. என் பொண்டாட்டி கூப்பிட்டுக்கிட்டிருக்கா."

பிறகு, அவளும் நின்று கேட்கட்டும் என்று, சற்றே நகர்ந்து இடம் விட்டான்.