கொழுக்கட்டைப் புல்லும் என் தங்கையின் கல்யாணமும்

பொதுக் காரியத்துக்கு ஆள் கேட்கும்போது, கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நிற்பவனிடம் ஊர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படி எழுந்து நின்றவன் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் முளைக்கும். ஐப்பசி மழையில் தழைக்கும் அந்தப் புல்லை, விதை உதிரும் வரை மாடு வாய் வைக்காமல் காத்துவிட்டால் கோடையைத் தள்ளிவிடலாம். காக்கத்தான் ஆளில்லை. ஆகவே ஐந்து பேர் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், கடலைக்காய் வியாபாரம் செய்த ராவுத்தர். காவலுக்குத் தொண்டன், கோயமுத்தூரில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான். (தேடியதை யாரும் பார்த்ததில்லை.)

விதிகளையும் நானே எழுதினேன். காட்டில் மேயும் மாட்டைக் கமிட்டிப் பட்டியில் அடைக்க வேண்டும். ஐந்து பேரும் கூடினால்தான் அவிழ்க்கலாம். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே கூடாது. பொழுது போகாதவர்கள் மாடு பிடிக்கக் கிளம்பிவிடாமல் இருக்க, பிடித்தவரே தீவனமும் போட வேண்டும்.

கடைசி விதியைக் கேட்டதும் ராவுத்தர், "நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா தம்பி?" என்றார்.

"யோசிச்சாச்சுங்க" என்றேன், சட்டசபையே என் தலையில் நடப்பது போல.

கார்த்திகையில் என் தங்கை வள்ளியம்மாளைப் பெண் பார்க்கத் தாராபுரம் பக்கமிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் ஊர் என்ன பேசும் என்ற கவலையில் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அவுங்க வர்றப்ப ஊட்டுல இரு சாமி, அது போதும்" என்றாள். காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனேன்.

நடுக்காட்டில் இரண்டு காங்கேயம் காளைகள், தங்கள் பாட்டன் சொத்துப் போல மேய்ந்துகொண்டிருந்தன. கமிட்டியின் முதல் வேட்டை! கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சிறிது நேரத்தில் அவை என்னை இழுத்தன. ஒரு வழியாகப் பட்டியில் அடைத்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு வீடு வந்தபோது, கூடம் நிறைய விருந்தாளிகள்.

"ஏங் கண்ணு இவ்வளவு நேரம்?" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்து.

இதைக் கேட்கமாட்டார்களா என்றிருந்தேன். "ரெண்டு திருட்டு மாட்டப் புடிச்சு அடைச்சுப்போட்டு வாரேனுங்க. ஊட்டுல தீவனத்துக்கு வக்கில்லாத எவனோ, நம்ம புல்லுல உட்டிருக்கான்."

மாப்பிள்ளையின் தகப்பனார் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "ஏனுங்க தம்பி, கொம்புல பித்தளைக் குப்பி இருந்துதுங்களா?"

"ஆமாங்க! பகட்டுக்கு ஒண்ணும் கொறச்சலில்லீங்க."

"ஒண்ணுக்கு நெத்தியில வெள்ளச் சுட்டி?"

"இருந்துதுங்க." (இங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) "உங்க பக்கம் யாராச்சும் தேடறாங்களா?"

"தேடலீங்க. அந்த வக்கில்லாதவன் நாந்தானுங்க" என்று கும்பிட்டார் அவர்.

எங்கள் தெரு சேறாகக் கிடந்ததால் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். நான் போன வழி வேறு, அதனால் வண்டி என் கண்ணில் படவில்லை.

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். சமையலறையிலிருந்து வள்ளியம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது: "அண்ணா, அந்தப் புல்லையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க!"

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை.

அப்பா ராவுத்தரை அழைத்து வந்தார். கமிட்டியில் இரண்டு பேர் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்கள். திரும்ப இரண்டு நாளாகும். "ஊருக்கு வந்த விருந்தாளிங்க, அவுத்து உட்டுர்லாம்" என்றார் ராவுத்தர்.

பெரியவர் கை அமர்த்தினார். "வேண்டாமுங்க. எங்க மாடு மேஞ்சது நெசந்தானுங்க. கமிட்டி கூடட்டும். அதுவரைக்கும் இங்கயே இருந்துக்கறோம்."

என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் அதன் உள்ளர்த்தம் புரிந்தது. நான் தீவனக் கட்டைத் தலையில் தூக்கும்போதெல்லாம் அவர் கட்டிலில் சாய்ந்தபடி, "தம்பி, சுட்டிமாடு சோளத்தட்டுத்தானுங்க திங்கும். நறுக்கிப் போடோணுமுங்க" என்பார். போட்டுவிட்டு வந்தால், "தண்ணி காட்டினீங்களா தம்பி?" என்பார். ஊரே வாசலில் நின்று என் ஊர்வலத்தைப் பார்த்தது. பெரியவர் சம்பந்தத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கேட்கும் தைரியம் அப்பாவுக்கும் இல்லை.

கமிட்டி கூடியது. சம்பந்தி ஆகப்போகிறவர் மேல் நானே குற்றம் சொல்லி, நானே தண்டனையையும் படித்தேன்: மாட்டுக்காரர் வீட்டிலிருந்து ஒருவர், ஒரு நாள், காட்டைச் சுற்றி வேலிக்குக் கிளுவைக் கிளைகளை வெட்டிப் போத்தாக நட வேண்டும். பெரியவர் எழுந்து, "மவனை உட்டுட்டுப் போறனுங்க" என்று வண்டி ஏறிவிட்டார். கல்யாணப் பேச்சு இல்லை. அம்மா அன்றும் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளையும் நானும் போத்து நட்டுக்கொண்டிருந்தோம். உச்சிப்பொழுதில் கம்பஞ்சோறும் மோரும் கொண்டுவந்த வள்ளியம்மாள், அவர் நட்ட வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னும் ஆழமா நடோணுமுங்க. எங்கண்ணன் அளந்து பாப்பாரு. பத்தலைன்னா உங்களையும் பட்டியில அடைச்சுப்போடுவாரு."

"அடைச்சா தீவனம் ஆரு போடுவாங்க?" என்றார் அவர்.

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சாயங்காலம் அவர் கை கழுவிக்கொண்டு அப்பாவிடம் விடைபெற வந்தார். அதுவரை 'ஐயா' என்று கூப்பிட்டவர், "வாரனுங்க மாமா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தையில் கல்யாணம். மச்சானிடம் இப்போது மோட்டார் வண்டி இருக்கிறது. வரும்போதெல்லாம் அதே புளியமரத்தடியில் நிறுத்தி, ஊர் கேட்க ஹாரன் அடித்துச் சொல்லி அனுப்புவார்: "வண்டிய உள்ள ஓட்டலாமுங்களா, கமிட்டி கூடோணுமான்னு மச்சானைக் கேட்டுட்டு வாங்க." நான் நேரில் போகும் வரை புருஷன் பெண்சாதி இருவரும் இறங்கமாட்டார்கள். தங்கைதான் அதிகப் பிடிவாதம்.

போன வாரமும் போனேன். விதிப்படி, தலையில் ஒரு கட்டுச் சோளத்தட்டோடு.