தர்லோ வீட்டு ஜாக்கி

இங்கிலாந்தின் சஃபோல்க்கில் எங்கள் ஊர்ப் பண்ணை வீடுகளெல்லாம் ஓக் மரச்சட்டத்தில் நிற்பவை. சட்டங்களுக்கு நடுவே களிமண்ணும் வைக்கோலும், மேலே சுண்ணாம்பு. நானூறு வருஷம் அசையாமல் நின்றன. அரசாங்கம் பாதுகாக்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்டம் கண்டன.

ஹில்டா தர்லோவின் வீட்டில் மூலைத்தூண் உளுத்து, அந்த மூலையே சாய்ந்துபோயிற்று. அதற்கு நேர் மேலே, மாடியில், அவள் கட்டில். மாமனார் காலத்தில் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்த டிராக்டர் ஜாக்கிதான் எல்லாப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. நிம்மதியாகத் தூங்க ஆசைப்பட்டு, புதுத் தூண் போடத் தச்சருக்குச் சொல்லியனுப்பினாள். தச்சர் வருவதற்கு முன்னால், மேன்மை தங்கிய மரபுக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரி பெரிக்ரின் ஸ்மைத் எழுந்தருளினார்.

தூணை ஒரு விரலால் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது.

"அசல் தூண். யாரும் தொடக்கூடாது" என்றார், விரலை உருவியபடி.

"அப்ப ஜாக்கியையாவது எடுத்துட்டு இரும்புத் தூண் வைக்கிறேன் சார்."

"ஜாக்கி எப்போலேருந்து இருக்கு?"

"என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

"அப்போ அதுவும் வரலாறு. நகர்த்தினா கேஸ் ஆயிடும்மா."

"வீடு விழுந்தா?"

"தானா விழுந்தா அனுமதி தேவையில்ல."

ஊர்க்காரர்கள் நாங்களாவது அவளுக்காகப் பேசியிருக்கலாம். ஆனால் அந்தச் சாய்ந்த மூலையைப் பார்க்க வரும் லண்டன்காரர்கள் எங்கள் கடைகளில்தான் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் சாப்பிட்டார்கள். சாய்வு ஊரின் பொதுச்சொத்து, நிமிர்த்தலாகாது என்று ஊர்க் கூட்டத்தில் ஒருமனதாகக் கை தூக்கினோம். அன்று ஹில்டா எங்களைப் பார்த்த பார்வை நன்றாயில்லை.

மார்ச் மாதக் காற்றில் உத்தரம் நழுவி, வீடே உட்கார்ந்துவிட்டது. கோழிக்குத் தீனி வைக்கப் போயிருந்ததால் ஹில்டா பிழைத்தாள். கட்டில் பிழைக்கவில்லை. இடிபாட்டின் நடுவே ஜாக்கி மட்டும் நிமிர்ந்து நின்றது.

ஸ்மைத் வந்து தொப்பியைக் கழற்றினார். எஞ்சியிருக்கும் ஒரே அசல் அதுதான், அதன்மேல் மழை படக்கூடாது, உடனே கூரை எழுப்ப உத்தரவிடுகிறேன் என்றார்.

"சுவரும் வருமா சார்?"

"வராம?"

"அப்ப அது பக்கத்துலயே நானும் படுத்துக்கறேன்."

"மனுஷ மூச்சு பட்டா ஜாக்கி துருப்பிடிச்சிடும்மா."

ஹில்டா இப்போது வயலோரம் ஒரு கேரவனில் இருக்கிறாள். ஜாக்கி ஓடு வேய்ந்த மண்டபத்தில் சௌக்கியமாக இருக்கிறது. பார்த்துவிட்டுப் போனவர்கள் கிளப்பிவிட்ட நாகரிகத்தில், ஜாக்கி இல்லாத வரவேற்பறைக்கு எங்கள் ஊரில் மரியாதையே இல்லை. நானும் ஒன்று வாங்கி வைத்தேன். அது எதையும் தாங்கவில்லை, சும்மா நிற்கிறது. போன வாரம் ஸ்மைத் வந்து அதை வெகுவாக ரசித்தார். போகிற போக்கில் என் வீட்டு மூலைத்தூணையும் ஒரு விரலால் தொட்டார்.

விரல் உள்ளே போய்விட்டது.